டேப் அக்காவின் இருபத்தாறு மதிப்பெண்

என் அண்ணியிடம் ஒரு துணியைக் கொடுத்து, "கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று சொன்னவர்கள் யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. துணியைப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார், ஆளையும் பார்த்துவிடுவார். ஒரு பள்ளித் தலைமையாசிரியர் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தபோது, "சார், உங்க இடது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு. பையை எப்பவும் அந்தப் பக்கமே மாட்டுவீங்களா?" என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டார். மனிதருக்கு முகம் சுண்டிப் போயிற்று. கோட்டை வாங்க வேறு ஆளைத்தான் அனுப்பினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அண்ணி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"இறங்கியிருக்குடி. அதுக்குத் தகுந்த மாதிரி வெட்டலைன்னா கோட்டு கோணலா நிக்கும். அப்புறம் தைச்சவ மேலதானே பழி வரும்?"

இதுதான் அண்ணி. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் மருந்துப் பெட்டிகள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன், வம்பு என்றால் எதிர்த் தெருவழியாகப் போகிறவன். அவனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி! வந்த முதல் வாரமே எங்கள் வீட்டுக் கதவு சட்டத்தோடு பொருந்தவில்லை என்று சொல்லி, தச்சரைக் கூட்டிவந்து கழற்ற வைத்தவர். கதவு சரியாகத்தான் இருக்கிறது என்று தச்சர் சத்தியம் பண்ணினார். அண்ணி டேப்பை வைத்துக் காட்டினார். அரை அங்குலம் வித்தியாசம். தச்சர் அதன்பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

கழுத்தில் அந்த டேப் இல்லாமல் அண்ணியை யாரும் பார்த்ததில்லை. குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவார். அதனால் எல்லோருக்கும் அவர் டேப் அக்கா.

எங்கள் தையல் கடை ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. முன் அறையில் அண்ணி வெட்டுவார், பின் அறையில் நான் மிஷின் போடுவேன். மாடியில் டேக்வாண்டோ பயிற்சிக்கூடம். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், தலைக்கு மேல் தடதடவென்று ஆரம்பித்துவிடும், எங்கள் குழல்விளக்கு ஒரு ஆட்டம் ஆடும். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், மாடியில் உதைக்க உதைக்கக் கீழே எங்களுக்குத்தான் பிழைப்பு. ஒன்பது வருடமாக மாடியில் கிழிகிற ஒவ்வொரு வெள்ளைக் காற்சட்டையும் எங்களிடம்தான் வருகிறது. மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் நானும் நான்கு வருடமாக மாடிக்குப் போய் உதைக்கிறேன். பச்சை பெல்ட் வாங்கிவிட்டேன். அண்ணி ஒரு நாளும் காலைத் தூக்கியதில்லை. "எனக்கு நாலு படி ஏறவே மூச்சு வாங்குது, போடி" என்பார்.

ஆனால் கேட்பார். கிழிந்த காற்சட்டையைக் கொண்டுவருகிறவர்களை நிறுத்தி, "எந்தக் கிக்குல கிழிஞ்சுது?" என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தத் துணியிலேயே குண்டூசியால் குத்தி வைப்பார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நான் கேட்டதற்கு, எங்கே இழுபடுகிறது என்று தெரிந்தால்தானே அங்கே துணி விட்டுத் தைக்க முடியும் என்றார். சரியான பதில்தான். ஆனால் நாளாக ஆகச் சீட்டு தேவைப்படவில்லை. கிழிசலைப் பார்த்ததும் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். முழங்காலுக்கு மேலே முன்பக்கம் நைந்திருந்தால் ஃப்ரண்ட் கிக். தொடையின் வெளிப்பக்கம் முறுக்கிக் கிழிந்திருந்தால் ரவுண்ட் கிக். இரண்டு காலும் சேருகிற இடத்தில், நாங்கள் கவட்டு என்போம், அங்கே உள்தையல் விட்டிருந்தால் சைடு கிக். உட்காரும் இடத்து நடுத்தையல் பிளந்திருந்தால் பேக் கிக். கொண்டுவந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அப்புறம் போட்டிகளுக்கு எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆட்டத்துக்கு நடுவே கிழிந்தால் உடனே தைத்துக் கொடுக்க வேண்டும், அதற்கு மேடையோரமாக ஒரு மேசை போட்டுக் கொடுப்பார்கள். அண்ணி ஊசியில் நூலைக் கோத்தபடி ஆட்டத்தைப் பார்ப்பார். எனக்கு உதைத்துப் பழக்கம் இருந்தும், வேகமாக வந்தால் எந்த உதை எது என்று பிரிக்கத் தெரியாது. எல்லாம் ஒரு வெள்ளைச் சுழற்சிதான். அண்ணிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், அந்த வெட்கக்கேட்டை நானே சொல்லிக்கொள்கிறேன்.

"உதைக்கிற காலைப் பார்க்காதே, அது ஏமாத்தும். முட்டி எங்கேருந்து கிளம்புதுன்னு பாரு. நேரா மேல வந்தா ஃப்ரண்ட். பக்கத்துலேருந்து வந்து இடுப்பு கவிழ்ந்தா ரவுண்ட். முட்டி நெஞ்சுகிட்ட மடங்கி, நிக்கிற காலோட குதிகால் எதிராளியைப் பார்த்துத் திரும்பினா சைடு. முதுகைக் காட்டித் திரும்பி, ரெண்டு முட்டியும் ஒண்ணையொண்ணு உரசிக்கிட்டுப் போச்சுன்னா பேக். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! நான்கு வருடம் மாடியில் பயிற்சி கொடுக்கிற மாஸ்டரிடம் நான் கற்றதைவிட அந்த ஒரு மத்தியானத்தில் எனக்கு அதிகம் விளங்கியது.

விளங்காத ஒன்று அண்ணிக்கே இருந்தது. மற்றக் கூடத்துக்காரர்கள் பேக் கிக்கில் கிழிந்தது என்று கொண்டுவந்தால், நடுத்தையல்தான் பிளந்திருக்கும். எங்கள் மாடியிலிருந்து பேக் கிக்கில் கிழிந்தது என்று வருவதெல்லாம் கவட்டில் கிழிந்திருக்கும். ஒருவர் இருவர் அல்ல, எல்லோரும். என் காற்சட்டையும் அப்படித்தான். ஒரு நாள் மாடிக்குப் போய், மூச்சு வாங்க ஓரமாக உட்கார்ந்து, மாஸ்டர் உதைப்பதையே ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"உங்க மாஸ்டர் உதைக்கிறது பேக் கிக்கே இல்லைடி. திரும்பும்போது உடம்பு நிக்காம ஒரு கால்வாசி கூடச் சுத்திடுது. கால் போய்ச் சேரும்போது ஆள் பக்கவாட்டுல நிக்கிறாரு. அது டர்னிங் சைடு. அவரைப் பார்த்துப் பார்த்து நீங்க அத்தனை பேரும் அதையே கத்துக்கிட்டு இருக்கீங்க."

"ஐயோ அண்ணி, இதை அவர்கிட்டப் போய்ச் சொல்லிடாதீங்க!"

சொல்லிவிட்டார். மறுநாளே. மாஸ்டர் கெட்டவர் அல்ல. இருபது வருடத்துக்கு முன்னால் இடுப்பில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவர், காலையில் முதலில் வந்து தரையைத் தானே துடைக்கிறவர். ஆனால் பேக் கிக் அவருடைய பெருமை. அதைத் தொட்டால் சும்மா இருப்பாரா? கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "தையலம்மா, நீங்க தையலைப் பாருங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அண்ணி படி இறங்கி வந்து கத்தரியை எடுத்தார். அடுத்த வாரம், கூடங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு, மேடை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புள்ளி போடுகிற மூலை நடுவர்கள் போதவில்லை, தேர்வு வைத்து எடுக்கிறோம் என்று டேக்வாண்டோ சங்கத்திலிருந்து அறிவிப்பு ஒட்டினார்கள். பெல்ட் வேண்டாம், உதைகளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும் என்று போட்டிருந்தது. அண்ணி அதை இரண்டு தடவை படித்தார். விண்ணப்பத்தை அன்றைக்கே நிரப்பினார்.

"எதுக்குடி ஊரைக் கூட்டி அவமானப்படணும்?" என்று அண்ணன் என்னிடம் புலம்பினான், பெண்டாட்டியிடம் சொல்லத் தைரியம் இல்லாமல். அண்ணி காதில் விழுந்துவிட்டது.

"எனக்கு அந்த நாற்காலி வேணும்" என்றார். "வேடிக்கை பார்க்கிறவ சொன்னா சிரிப்பாங்க. நாற்காலியில உட்கார்ந்து சொன்னா எழுதிக்குவாங்க. இருபத்திரண்டு வருஷமா என் கண்ணு சொல்றதைக் கேட்டு எல்லாரும் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுத்தான் போறாங்க. ஒருத்தராவது எழுதிக்கட்டுமே."

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. உடனே நானும் ஒரு விண்ணப்பம் வாங்கினேன், துணைக்கு.

தேர்வு எங்கள் மாடியிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் கூடத்திலிருந்து பன்னிரண்டு பேர், அண்ணியோடு பதின்மூன்று. சங்கச் செயலாளர் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர். உறையைப் பிரித்து உதைகளின் பட்டியலை மாஸ்டரிடம் கொடுத்தார். மாஸ்டர் அந்த வரிசையில் முப்பது உதை உதைப்பார், நாங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத வேண்டும். இருபத்தேழு சரியாக இருந்தால் தேர்ச்சி, அந்தத் தாளில் மாஸ்டரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆறாவதாக வந்தது அது. மாஸ்டர் திரும்பினார், உடம்பு நிற்காமல் சுற்றியது, கால் பக்கவாட்டில் போய் நின்றது. அண்ணி சொல்லிக்கொடுத்த கண்ணால் பார்த்தால் அது டர்னிங் சைடு, சந்தேகமே இல்லை. ஆனால் மாஸ்டர் எதை நினைத்து உதைத்தார் என்று எனக்குத் தெரியாதா? நான்கு வருடப் பழக்கம். "பேக் கிக்" என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவர்களும் அதையே எழுதுவது பேனா அசைவிலேயே தெரிந்தது. அது இன்னும் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் அதையேதான் எழுதினேன்.

செயலாளர் அங்கேயே திருத்தினார். எனக்கு இருபத்தெட்டு. மற்றவர்களுக்கு இருபத்தொன்பது, முப்பது. எல்லோரும் தேர்ச்சி. கடைசியாக அண்ணியின் தாள். இருபத்தாறு.

"அடடா, ஒண்ணுல போச்சே" என்று செயலாளர் உச்சுக்கொட்டினார். "நாலும் ஒரே தப்பு. பேர் குழம்பியிருக்கு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் பிரமாதமா எழுதியிருக்கீங்க. இந்தாங்க பேனா, ஒண்ணை மட்டும் மாத்துங்க. நான் பார்க்கலை."

நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அண்ணியின் முதுகில் இடித்தேன். மாத்தித் தொலைங்க, ஒரே ஒரு வார்த்தை, நாற்காலி உங்களுடையது!

"குழம்பலை மேடம்" என்றார் அண்ணி. "என்ன உதைன்னு பார்த்து எழுதச் சொல்லி தாள்ல போட்டிருக்கு. மாஸ்டர் மனசுல என்ன நினைச்சாருன்னு எழுதச் சொல்லலை. நான் பார்த்தது டர்னிங் சைடு. நாலு தடவையும்."

மாஸ்டரின் காது மடல் சிவந்துவிட்டது.

"இருபத்தைஞ்சு வருஷமா உதைக்கிறேன். எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா? எங்கே, நீ ஒரு பேக் கிக் உதைச்சுக் காட்டு பார்ப்போம்!"

கோபத்தில் 'நீங்க' 'நீ' ஆகிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. அண்ணி அசையவில்லை.

"எனக்கு உதைக்கத் தெரியாது சார். உங்களுக்குச் சட்டை தைக்கத் தெரியுமா? ஆனா போன மாசம் நான் தைச்சுக் கொடுத்த சட்டையில கை அரை அங்குலம் நீளம்னு திருப்பிக் கொண்டுவந்தீங்கல்ல? நான் உங்களைத் தைச்சுக் காட்டுங்கன்னு கேட்டேனா? வெட்டித் தைச்சுக் கொடுத்தேன்ல?"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணி இடுப்புப் பையிலிருந்து துணியில் கோடு போடுகிற வெள்ளைச் சாக்குக்கட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "உள்ளங்கால்ல தேய்ச்சுக்கிட்டு அந்த நீல மெத்தையில உதைங்க. பேக் கிக்குன்னா பாதம் நெட்டுக்கு நிக்கும், விரல் கீழே பார்க்கும். சைடுன்னா படுத்திருக்கும். நானும் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம்."

உதை மெத்தையைப் பிடிக்க நான்தான் போனேன். செயலாளர் தானே முதலில் செருப்பைக் கழற்றினார், கட்டியைத் தேய்த்தார், திரும்பி ஒன்று கொடுத்தார். என் நெஞ்சு அதிர்ந்தது. அந்த வயதில் அந்த உதை! மெத்தையில் வெள்ளைத் தடம் நெட்டாக நின்றது, விரல் கீழ்நோக்கி. அடுத்து மாஸ்டர். உதை வலுவாகத்தான் விழுந்தது. தடம் படுத்திருந்தது.

செயலாளர் மாஸ்டரைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார். அவர் மனதில் ஓடிய கணக்கு எங்களுக்கும் ஓடியது. இந்த நான்கும் பேக் கிக் இல்லை என்றால் அண்ணிக்கு முப்பது. மற்ற பன்னிரண்டு பேரில் ஒருத்தர்கூடத் தேற மாட்டோம்.

"அடுத்த மாசம் போட்டி இருக்கு" என்று இழுத்தார் செயலாளர். "ஒரே ஒரு நடுவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இப்படிச் செய்வோம். இந்த நாலுக்கும் ரெண்டு பதிலும் சரின்னு வச்சுக்குவோம். இந்தம்மாவும் பாஸ், இவங்களும் பாஸ். யாருக்கும் நஷ்டம் இல்லை."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அண்ணிக்கு நாற்காலி கிடைத்துவிட்டது, எனக்கும் கிடைத்துவிட்டது, போதும், வீட்டுக்குப் போய் ஒரு டீ குடிக்கலாம். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்படின்னா என் பேரை எடுத்துடுங்க மேடம்."

"என்னம்மா இது! உங்களைத்தான் பாஸ் போடறேன்னு சொல்றேனே?"

"ரெண்டும் சரின்னா அங்கே எதுக்கு நாற்காலி போட்டு ஆளை உட்கார வைக்கிறீங்க? அந்த மாதிரி நாற்காலி எனக்கு வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் இதற்காகத்தானே துடித்தார்? கையில் வந்ததைத் தட்டிவிடுகிற கிறுக்குத்தனத்தை என்னவென்று சொல்வது! அப்புறம்தான் என் தாள் என் கண்ணில் பட்டது. நான்கு இடத்தில் நான் எழுதியது பொய். தெரியாமல் எழுதிய தப்புகூட இல்லை, பார்த்துவிட்டு எழுதிய பொய். அண்ணியை நோக்கி ஓடிய கோபம் பாதி வழியில் திரும்பி என் மேலேயே விழுந்தது.

"மேடம், என் தாள்ல நாலு குறைச்சுடுங்க" என்றேன். "நான் பார்த்ததும் டர்னிங் சைடுதான். மாஸ்டர் மனசு நோகுமேன்னு மாத்தி எழுதினேன்."

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மேசைக்குப் போய்ச் சாக்குக்கட்டியை எடுத்தார். "மெத்தையைப் பிடிம்மா" என்றார் என்னிடம்.

உதைத்தார். உதைத்துவிட்டு மெத்தையைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தார்.

"இப்போ?"

"சைடு, சார்."

நான் தடத்தைத் துடைத்தேன். மறுபடி தேய்த்தார், மறுபடி உதைத்தார்.

"இப்போ?"

"சைடுதான்."

மூன்று, நான்கு, ஐந்து. நெற்றியில் வியர்வை வழிந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது இடுப்பு எங்கேயோ பிடித்து, அந்த வலியிலிருந்து தப்பிக்க உடம்பு தானாகச் சுற்றிவிடுவது மெத்தையைப் பிடித்திருந்த எனக்கு அவ்வளவு கிட்டத்தில் நன்றாகத் தெரிந்தது. ஆறாவது உதையில் தடுமாறி ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

"அண்ணி, பாவம். சரியா இருக்குன்னு சொல்லிடுங்களேன்" என்று கிசுகிசுத்தேன்.

அண்ணிக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பதில் சொன்னார். "பாவம் பார்த்துப் புள்ளி போட்டா அவருக்கு அதைவிடக் கேவலம் இல்லைடி. சார், திரும்பும்போது அவசரப்படறீங்க. தோளைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்துங்க."

மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டார். மூச்சை இழுத்துவிட்டு ஏழாவது தடவை உதைத்தார். மெத்தையில் விழுந்த தடம் படுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை, சாய்ந்திருந்தது. பன்னிரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம்.

"இப்போ?" என்றார் மாஸ்டர். அவர் குரலில் ஆசை இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்தது.

அண்ணி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "பாதி வந்திருக்கு. இன்னும் பேக் கிக் ஆகலை. சைடு, சார்."

மாஸ்டர் நொண்டிக்கொண்டே மேசைக்குப் போனார். எங்கள் பன்னிரண்டு தாளையும் செயலாளர் பக்கம் தள்ளி, "எல்லாத்துலயும் நாலு குறைச்சுடுங்க. இவங்களுக்கு நான் முதல்லேருந்து சொல்லித் தரணும்" என்றார். அண்ணியின் தாளை எடுத்தார். இருபத்தாறை அடித்து முப்பது என்று எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்தவர், போடாமல் நிமிர்ந்தார்.

"என் பிள்ளைங்க மேடையில ஆடும்போதும் இப்படித்தான் சொல்வீங்களா?"

ஆமாம் சார் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தால் என்ன?

"உங்க பிள்ளைங்கன்னா இன்னும் உத்துப் பார்த்துச் சொல்வேன் சார்" என்றார் அண்ணி. "நீங்க சொல்லிக்கொடுத்த தப்பு எங்கே இருக்கும்னு எனக்குத்தானே தெரியும்?"

மாஸ்டர் கையெழுத்துப் போட்டார்.